ராயப்பர் நாற்காலி

உலகம் உண்டான நாள் முதல் ஆண்டவர் தம் கையாலேயே கால் கழுவிவிட்ட மனிதர்கள் பன்னிரண்டே பேர். அந்த வரிசை இன்னும் முடியவில்லை, பதின்மூன்றாவது இடம் தூத்துக்குடி பாய்மரத் தெருவில் இருக்கிறது என்பது ஹென்றி மச்சாதுவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த இடம் அவருக்கு வந்த விதம் இது: பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். முதல் நாற்காலியில், பேதுரு என்கிற ராயப்பராக உட்கார்ந்துவந்தவர் மகளின் பிரசவத்துக்கென்று கோயம்புத்தூருக்குப் போனார், திரும்பவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. ஹென்றி பக்கத்தில் நின்றார்.

பத்தொன்பது வருஷமாக அவர்தான் ராயப்பர்.

இந்தச் சடங்கில் சாமியார் கழுவுவது வலது காலை மட்டும். பன்னிரண்டு காலுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. இரண்டு காலையும் நீட்டினால் பூசை நீளும், வீட்டில் கஞ்சி ஆறும். வேறு காரணம் யாருக்கும் தெரியாது. கழுவப்படப்போகும் காலை அழுக்கோடு கொண்டுபோவது மரியாதை இல்லை என்பதில் தெருவே ஒருமனதாக இருந்தது. ஆகவே கால் கழுவும் சடங்குக்காக அப்போஸ்தலர்கள் காலையிலேயே கால் கழுவிவிடுவார்கள். ஹென்றி ஒரு படி மேலே போவார். வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வலது காலை ஊறவைப்பார். குதிகாலைக் கல்லால் தேய்ப்பார். நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, மேலே பவுடர் போடுவார். சாமியார் குனிந்தால் மல்லிகை மணக்கும். இடது கால் இந்த ஏற்பாட்டில் சேரவில்லை. அது நாற்காலிக்கு அடியில் மடங்கி, பத்தொன்பது வருஷமாக யார் கண்ணிலும் படாமல் பூசை கண்டது.

இரண்டு காலுக்கும் பொதுவாக இருந்தது காந்தல் ஒன்றுதான். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மறுவருஷம் அது தொடங்கியது. சாயங்காலமானால் உள்ளங்கால் எரியும். அல்லது குத்தும். அல்லது காலே இல்லாததுபோல மதமதவென்று கிடக்கும். மூன்று வருஷமாகியும் காரணம் அகப்படவில்லை.

"ஏளா டெல்பின், அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பு. மிளகா அரைச்ச கைய உள்ளங்காலுல தேச்ச மாதிரி காந்துது."

"நேத்து கண்ணாடிச் சில்லு மேல நடக்க மாதிரின்னீங்க."

"அது நேத்து."

டெல்பின் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மாசி உடைத்துக்கொண்டிருந்தாள். மாசி என்றால் வெயிலில் காய்ந்து விறகாகிப்போன சூரை மீன். சுத்தியலால் தட்டிச் சில்லாக்கி, உரலில் இடித்து, சின்ன வெங்காயமும் வற்றலும் தேங்காயும் வறுத்துச் சேர்த்தால் சம்பல். கப்பலில் போகிறவர்களும் மஸ்கட்டில் இருக்கிறவர்களும் அவளிடம் சொல்லிவைத்து வாங்குவார்கள். அவள் காலையிலிருந்து மாலைவரை இடித்தாள். கணவரின் காலைப் பற்றிய செய்திகளை உலக்கைச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டாள்.

எலும்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். நரம்பு டாக்டர் காலில் கரண்டு வைத்துப் பார்த்து நரம்பு நன்றாக இல்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சீனி வியாதியாக இருக்கலாம், மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார். சீட்டு ஜெபப் புத்தகத்துக்குள் போனது. மச்சாது குடும்பத்தில் ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவர்கள் உண்டு, சீனி வியாதிக்காரர்கள் கிடையாது. அதற்கு ஆதாரமும் இருந்தது. முன்பு ஒருதரம் வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு அவர் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடந்து போனார். நூற்றியெட்டு என்று வந்தது. அந்தத் தாளை லேமினேட் செய்து அலமாரியில் வைத்திருந்தார்.

"மூணு மாச டெஸ்ட எடுத்தீரா அண்ணாச்சி?" என்று முக்கு மருந்துக்கடை லிங்கராஜ் ஒவ்வொரு தடவையும் கேட்பார். சிவப்பு நரம்பு மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டேதான் கேட்பார்.

"ஒரு தடவ பாஸாயாச்சுல்லா. வருஷா வருஷம் எழுதுததுக்கு அது என்ன பரீட்சையாவே?"

"நீரு பட்டினி கெடந்துல்லா பாஸானீரு. அது பிட்டு வச்சு எழுதுன மாதிரி."

"எங்க வீட்டுல சீனி டப்பாவே கெடையாது, தெரியுமா. காப்பிக்கு உடன்குடிக் கருப்பட்டி. ஒரு நாளைக்கு ஆறு டம்ளரு. அம்புட்டும் கருப்பட்டி."

"அப்பம் அது இனிக்காது, உப்பளத்துல வெளையுதுங்கீரு."

"ஏ லிங்கராஜு, முப்பத்தோரு வருஷம் கிரேன்ல பிரேக்கு மிதிச்ச காலுவே இது. எத்தன லட்சம் டன்னு நிலக்கரி எறக்கியிருக்கேன். தேசத்துக்காகக் காந்துத கால்."

லிங்கராஜ் தேசத்தின் சார்பில் பத்து மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

அந்த வருஷம் தவக்காலத்தில் புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் கிருபாநிதி, கால் கழுவும் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பெண்கள் என்று அறிவித்தார். ரோமாபுரியில் அனுமதித்து வருஷக்கணக்காகிறது. செய்தி பாய்மரத் தெருவுக்கு வந்துசேரத் தாமதமாகிவிட்டது. ஹென்றி அன்று சாயங்காலமே சாமியார் வீட்டுக்குப் போனார். காந்தல் நேரம்; திண்டாடிக்கொண்டே படியேறினார்.

"ஆண்டவரோட பந்தியில பொம்பளைய யாரு சாமி இருந்தா?"

"கிரேன் ஆப்பரேட்டரும் யாரும் இல்லையே."

ஹென்றி இதை யோசித்துப் பார்த்தார். வலையிழுத்தவர்கள் இருந்தார்கள். கிரேன் வலைக்குக் கிட்டத்துச் சொந்தம்தான்.

"ஒங்க நாற்காலிய யாரும் எடுக்கலய்யா" என்றார் சாமியார். "பயப்படாம போங்க."

பட்டியல் மறுநாள் கோயில் முகப்பு மண்டபத்துப் பலகையில் ஏறியது. கம்ப்யூட்டரில் அடித்தது, அகர வரிசை. டெல்பின் பெயரும் இருந்தது. ஹகரம் எழுத்தில் கடைசி. ஹென்றி பன்னிரண்டாவதாக நின்றார். பன்னிரண்டாவது யாருடைய இடம் என்று ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். காட்டிக்கொடுத்த யூதாசின் இடம்.

மத்தியானம் கோயில் ஓய்ந்திருந்த நேரத்தில் ஹென்றி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். அடித்த தாளை உருவினார். வீட்டிலிருந்து தம் கைப்பட எழுதிக் கொண்டுவந்த தாளை, முதல் பெயர் பெரிதாக, இரண்டு கோடிட்டு, அந்த இடத்தில் வைத்துக் குத்தினார். பித்தளைத் தலை வைத்த ஆணிகள், நாலு மூலைக்கு நாலு. நாலாவது ஆணி விரலிலிருந்து நழுவிவிட்டது. குனிந்து தேட வயிறு விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்று பார்த்தார், காணவில்லை. மூன்று போதும் என்று முடிவு செய்தார். பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்கே மூன்றுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்து நடந்தபோது டெல்பின் தலையைத் தூக்கினாள்.

"அது என்ன டிக்கு டிக்குங்குது?"

"பல்லி."

"பல்லி கூடவா நடந்து வரும்?"

"மாசி இடிச்சு இடிச்சு ஒனக்குக் காது போச்சு."

காந்தலுக்கு இதமாக அவர் வீட்டுக்குள் வெறுங்காலோடு மொசைக் தரையில் நடப்பார். அந்த வாரம் முழுக்க வீட்டில் டிக் டிக் என்றது. ஒருநாள் டெல்பின், "நீங்க உக்காந்தா சத்தமும் உக்காருதே, இங்கன வாங்க, பாப்போம்" என்று எழுந்தாள். அப்போது பார்த்து வாசலில் இரண்டு கிலோ சம்பலுக்கு ஆள் வந்துவிட்டது.

பெரிய வியாழன். கச்சான் என்கிற மேல்காற்று இன்னும் வராத ஏப்ரல் வெக்கை. மதில்மேல் காக்கை உட்காரவில்லை. துறைமுகத்துக் கரித்தூள் ஜன்னல் விளிம்பில் மைபோலப் படிந்திருந்தது. டெல்பின் ஒரு வாளி வெந்நீர் போட்டு, இரண்டு காலையும் தேய்த்துக் கழுவி எழுந்தாள். ஹென்றி வலது காலைப் பேசினில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் காலயும் வைங்க."

"சாமி அதக் கழுவ மாட்டாரு."

"சாமி கழுவாட்டா அது ஒங்க காலு இல்லியா?"

"ஏளா, பத்தொம்பது வருஷமா ராயப்பரு நானா நீயா? நீ இன்னைக்குத்தான் சேந்திருக்க."

பூசையில் பன்னிரண்டு நாற்காலியும் பீடத்துக்கு முன் வரிசையாக இருந்தன. முதலில் ஹென்றி, வெள்ளை வேட்டி, மல்லிகைப் பவுடர். நாலாவதாக டெல்பின். சாமியார் மேலங்கியைக் கழற்றிவைத்து, இடுப்பில் துவாலை கட்டிக்கொண்டு முழந்தாளிட்டார். கோயில் வேலை பார்க்கும் பேபி பக்கத்தில் பேசினோடு நின்றார். பேபிக்கு அறுபத்தெட்டு வயது. ஞானஸ்நானத்தில் வேறு பெயர், அது யாருக்கும் ஞாபகமில்லை. சாமியார் வலது காலைக் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். ஹென்றி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காலை இழுத்தார்.

"அந்தக் காலும்" என்றார் சாமியார்.

ஹென்றி கண்ணைத் திறந்தார். "எந்தக் காலு சாமி?"

"இன்னொன்னு இருக்குல்லா."

"வேண்டாம் சாமி. அது வேண்டாம். அதுக்கு நான் தகுதி இல்ல."

முன் வரிசைப் பெண்ணொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேதத்தில் ராயப்பரும் முதலில் வேண்டாம் என்றுதான் மறுத்தார். பத்தொன்பது வருஷத்தில் இந்த ஆள் இவ்வளவு உருக்கமாகச் செய்து பார்த்ததில்லை என்று பின்னால் ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஹென்றி இடது காலை நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டார். சாமியார் சிரித்தபடி அதைப் பிரித்து எடுத்துப் பேசினுக்கு மேலே தூக்கினார்.

கரித்தூளும் தெருப்புழுதியும் அப்பிய உள்ளங்கால். பெருவிரலுக்குக் கீழே, தசைக்குள் அமுங்கி, ஒரு பித்தளை வட்டம். நடந்து நடந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. சுற்றிலும் ஊதா நிறத்தில் வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது.

சாமியாரின் சிரிப்பு நின்றது. "வலிக்கலையா?" என்று காதோடு கேட்டார்.

"எது சாமி?"

பேசின் தண்ணீரில் மெல்லிய சிவப்பு ஓடியது. பேபி அதை முதலில் பார்த்தார். நாலாவது நாற்காலியிலிருந்து டெல்பின் எழுந்து வந்தாள். சாமியார் இடுப்புத் துவாலையை அவிழ்த்துக் காலில் சுற்றினார். பேபி ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். ராயப்பர் இரண்டு பேர் தோளில் கைபோட்டு நடுவழியே வெளியேறினார். டெல்பினும் கூடப் போய்விட, மீதிப் பத்துக் கால்களும் அன்று வலது மட்டுமாகவே கழுவப்பட்டன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசுதா ஆணியைப் பிடுங்கிச் சின்னக் குப்பியில் போட்டார். நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. நோயாளியைத் திட்டும்போதும் பாடம் நடத்துவதுபோலப் பேசுவார் என்று பெயர். ரத்தத்தில் சீனி முந்நூற்று எண்பத்தாறு. மூன்று மாதச் சராசரி பதினொன்று புள்ளி நாலு.

"சீனி சேத்துப்பீங்களா?"

"எங்க வீட்டுல சீனியே கெடையாது டாக்டரம்மா" என்று ஹென்றி ஆரம்பித்தார். டெல்பின் அவரைப் பார்த்தாள். "கருப்பட்டி" என்று முடித்தார்.

"அதுவும் சீனிதான். நெறம் வேற."

"அப்பம் மூணு வருஷமா காந்துனது இதுதானா?" என்று டெல்பின் கேட்டாள்.

"இதுனாலதான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். பி-12 சத்தும் கொறைச்சலா இருக்கு. சிலருக்கு எல்லாத்தையும் பார்த்தாலும் காரணம் தெரியாமலே இருக்கும். ஆனா சீனி இவ்வளவு இருக்கும்போது அத விட்டுட்டு வேற ஆளத் தேடக்கூடாது. அது நரம்பக் கெடுத்தா ரெண்டு விதமாவும் பண்ணும். ஒண்ணுமில்லாத எடத்துல எரியும். ஆணி குத்தின எடத்துல தெரியாது."

"இன்னும் நாலு நாள் போயிருந்தா?" என்றாள் டெல்பின்.

"சீழ் எலும்புக்குள்ள போயிருக்கும். எங்கன வரைக்கும் எடுக்கணும்னு பேசிட்டு இருந்திருப்போம். இப்பவும் ஒரு வாரம் போகட்டும், அதுக்கப்புறந்தான் கால் தப்பிச்சதுன்னு சொல்லுவேன்."

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சுமையைக் கீழே விடாத ஹென்றி தம் இடது காலைப் பார்த்தார். அதன் முகத்தை அவர் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. டெல்பின் அந்தக் கால் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மாசி வாடை அடிக்கும் கையை முழங்காலுக்கு மேல் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் அவருக்குத் தொடுவது தெரிந்தது.

பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாள் வார்டிலேயே கழிந்தது. தினமும் புண்ணைத் திறந்து கழுவிக் கட்டினார்கள். வயிற்றில் ஊசி. லிங்கராஜ் இரண்டு நாள் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தச் சிவப்பு மாத்திரையைப் பற்றி மட்டும் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசினார். பேபி நாள்தோறும் பன்னிரண்டு மணிக்குத் தூக்குவாளியில் தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் சொதி கொண்டுவந்தார்.

பேபி போனபிறகு ஹென்றி மனைவியிடம் காகிதம் எடுக்கச் சொல்லுவார். பங்குப் பேரவைக்குப் புகார் மனு. கோயில் தரையை முறைப்படிப் பெருக்காத காரணத்தால் ஒரு மூத்த விசுவாசிக்கு நேர்ந்த ஆபத்து.

"யாரப் பத்தி எழுதுதீங்க? பேபி அண்ணனப் பத்தியா?"

"பெருக்குத வேல யாரு வேல?"

"இப்பம் குடிச்சது அவரு வச்ச சொதி."

"சொதி வேற, நிர்வாகம் வேற ஏளா."

மூன்று நாள் திருத்தி எழுதி, நாலாவது நாள் மனுவை அவளிடமே கொடுத்தனுப்பினார். டெல்பின் ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். மனு கையில் அப்படியே இருந்தது. அதைக் கட்டிலில் விரித்தாள். ஆணி கிடந்த குப்பியை அலமாரியிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு ஆணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே தலை, ஒரே பித்தளை.

"இது காலுல இருந்தது. இது பலகையில இருந்தது."

"எந்தப் பலகை?"

"ஒங்க கையெழுத்து தொங்குத பலகை. மூணு மூலையிலதான் ஆணி இருந்துச்சு. நாலாவது மூல காத்துல படபடன்னு அடிச்சுது."

ஹென்றி இரண்டு ஆணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றியது. எதிர்க் கட்டில்காரர் இருமினார். நேரம் பன்னிரண்டானது, பேபி தூக்குவாளியோடு உள்ளே வந்தார்.

"பேபி அண்ணே" என்றார் ஹென்றி. "அந்த ஆணி என்னோடதுதான்."

"தெரியும்ய்யா" என்றார் பேபி, மூடியைத் திறந்தபடி. "பட்டியலக் குத்திட்டுக் குனிய முடியாம நீரு நின்னத, சாமி உடுப்பு மாத்துத சக்கிறீஸ்துல இருந்து பாத்தேன். நீரு போன பொறவு வந்து தேடுனேன். வாரியல வச்சுக் கூட்டிப் பாத்தேன், முழங்கால் போட்டுக் கையாலயும் தடவிப் பாத்தேன். ஆணியக் காணல. பிள்ளைய காலுல குத்திரப்படாதேன்னு மறுநாளும் தேடுனேன். ஒம்ம காலுலயே ஏறிப் போயிருச்சுன்னு யாருக்குத் தெரியும்."

ஹென்றி புகார் மனுவை மடித்துத் தலையணைக்குக் கீழே தள்ளினார். சொதியைக் குடித்தார். கடைசித் துளிவரைக்கும் குடித்தார்.

"சொதி ரொம்ப நல்லாருக்கு அண்ணே" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதில் உப்பே கிடையாது. ரத்தக் கொதிப்பும் இருக்கிறது, உப்பைக் குறைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பதினோராம் நாள் டாக்டர் ஜெபசுதா கட்டைப் பிரித்துப் பார்த்து, "கால் தப்பிச்சது" என்றார். ஹென்றி நன்றி சொல்ல வாயெடுத்தார். ஒரு சொற்பொழிவு அளவுக்கு விஷயம் இருந்தது. கைகூப்பினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

காந்தல் போய்விடவில்லை. ஊசியும் புது மாத்திரையும் ஏறியபிறகு கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். காப்பியில் கருப்பட்டி இல்லை. லேமினேட் செய்த நூற்றியெட்டை டெல்பின் சம்பல் சட்டிக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். சாயங்காலம் உலக்கையைச் சாத்திவிட்டு, கையைக் கழுவி, அவர் இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். போனில் லைட் அடித்து, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஒரு கப்பலைச் சோதிப்பதுபோலச் சோதிப்பாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"மிளகாதான். ஆனா வத்தல் இல்ல. பச்ச மிளகா."

"இறங்கியிருக்குன்னு சொல்லுங்க."

"ஏளா டெல்பின்."

"என்ன?"

"ஒன் கையில மாசி வாடை அடிக்குது."

"இத்தன வருஷமா இப்பந்தான் தெரிஞ்சுதாக்கும்."

"நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றார் ஹென்றி. அவள் லைட்டை அணைத்தாள். ஆனால் காலை உடனே இறக்கிவிடவில்லை.

பிழைத்த உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து அந்தோனியாருக்குக் காணிக்கை வைப்பது அந்தக் கரையின் வழக்கம். ஜூன் மாதத் திருவிழாவுக்கு ஹென்றி நகைக்கடைத் தெருவில் அரைநாள் நின்று, தாமே பொறுக்கியெடுத்து ஒரு வெள்ளிக் கால் வாங்கினார். பாண்டு வாத்தியம் வைத்தார். தட்டை லிங்கராஜ் ஏந்திவந்தார். மைக்கில் எட்டு நிமிஷம் பேசி, சாமியாருக்கும் டாக்டருக்கும் பேபிக்கும் மனைவிக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்தார். ஆணி யாருடையது என்பதையும் சொன்னார். கூட்டம் உண்மையாகவே கை தட்டியது. பேபி ஏணியில் ஏறி, காலைச் சொரூபத்தின் கண்ணாடிக்குள் தொங்கவிட்டார். இறங்குமுன் ஒருதரம் உற்றுப் பார்த்தார்.

அது வலது கால்.